எண்ணத்திற்கு எவ்வளவு நேரம்?

வெறும் 0.8 விநாடிக்காக ஒருவர் வேலையை இழக்க முடியுமா? 1796-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் அப்படித்தான் நடந்தது.

தொலைநோக்கியினுள் கட்டிய மெல்லிய கம்பியை ஒரு விண்மீன் கடக்கும் நேரத்தைக் குறிப்பது அங்கே அன்றாடப் பணி. கண் விண்மீனைப் பார்க்க வேண்டும். காது கடிகாரத்தின் ஒலியை எண்ண வேண்டும். தலைமை வானியலார் மாஸ்கலினின் கணக்கைவிட உதவியாளர் கின்னிபுரூக்கின் கணக்கு 0.8 விநாடி பிந்தியே வந்தது. அற்பப் பிழை என்று தள்ளிவிட முடியாதுதான். அந்நேரத்தில் நிலநடுக்கோட்டிலுள்ள ஓரிடம் பூமியின் சுழற்சியால் ஏறத்தாழ 370 மீட்டர் நகர்ந்துவிடுமே! எச்சரித்தும் திருந்தவில்லை என்று கின்னிபுரூக்கை நீக்கிவிட்டார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பின் இச்செய்தியைப் படித்த ஜெர்மானிய வானியலார் பெஸ்ஸல், தம் கணக்கைப் பிற வானியலாரின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தேர்ந்தவர்களிடையேகூட ஒரு விநாடி அளவுக்கு வேறுபாடு இருந்தது! பாவம் கின்னிபுரூக், அவரைச் சோம்பேறி என்று சொல்ல இடமில்லை. காண்பதையும் கேட்பதையும் இணைக்க மனத்திற்கு நேரம் பிடிக்கிறது. அந்நேரம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

நேரம் பிடிக்கிறது என்றால் அதை அளக்கலாம் அல்லவா? 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளையின் நரம்பில் செய்தி விநாடிக்குச் சுமார் 30 மீட்டர்தான் செல்கிறது எனக் கண்டார். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

நெதர்லாந்து நாட்டு டாண்டர்ஸ் 1868-இல் வெளியிட்ட முறை இன்னும் அழகானது. எந்தக் காலில் மின்அதிர்ச்சி படும் என்று முன்பே அறிந்தவர் கையை அசைக்கும் நேரத்தை முதலில் அளந்தார்கள். பிறகு, எந்தக் கால் என்று சொல்லாமல் அதிர்ச்சி தந்து, அந்தப் பக்கக் கையை அசைக்கச் செய்து அளந்தார்கள். இரண்டாவது நேரம் ஏறத்தாழ 1/15 விநாடி கூடுதல். 'இடமா, வலமா' என்று தீர்மானிக்க ஆன நேரம் அது என்பது அவர் கணக்கு. 1879-இல் லைப்சிக் நகரில் வுண்ட் நிறுவிய புகழ்பெற்ற உளவியல் ஆய்வகத்திலும் இத்தகைய அளவீடுகளே முக்கிய வேலையாக இருந்தன.

நீங்களும் அளந்து பார்க்கலாம். நண்பர் ஓர் அடிக்கோலை மேல்முனையில் பிடித்துத் தொங்கவிடட்டும். அதன் சுழிக்குறிக்கு நேராக உங்கள் விரல்களை அகற்றி வையுங்கள். அவர் சொல்லாமல் விட்டதும் பிடியுங்கள். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் உங்கள் நேரம் சுமார் 0.2 விநாடி. பத்து முறை செய்து சராசரி காணுங்கள். அடுத்து, அவர் இரு கைகளிலும் ஒவ்வொரு கோல் பிடித்து, ஏதேனும் ஒன்றை மட்டும் விடட்டும். விழும் கோலை அதே பக்கக் கையால் பிடியுங்கள். அடிக்கோல் முழுதும் நழுவிப் போகலாம். ஆகவே நீளமான கோல் நல்லது.

ஓர் எச்சரிக்கை. ஒற்றைக்கோல் சோதனையை எப்போதும் முதலில் செய்தால், அடுத்ததற்குள் கை பழகிவிடும், அல்லது சலித்துவிடும். ஆகவே வகுப்பில் பாதிப் பேர் இரட்டைக்கோலில் தொடங்கட்டும்.