ஊரின் பெயருக்குப் பெரிய எழுத்து

ஆங்கிலத்தில் கடிதமோ விண்ணப்பமோ எழுதும்போது எந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவதென்று நாம் தடுமாறுகிறோம். தமிழில் இந்தப் பேதம் இல்லை.

ஊர், குளம், ஆறு என்பன பலவற்றுக்கும் பொருந்தும் பொதுப்பெயர்கள். ஆங்கில வசனத்தின் நடுவே இவை சிறிய எழுத்தில் தொடங்கும். கிளிநொச்சி, இரணைமடு என்பன ஒன்றையே குறிக்கும் சிறப்புப்பெயர்கள். எங்கு வந்தாலும் இவற்றின் முதலெழுத்துப் பெரியது. 'டாங்க்' தனியே வந்தால் பொதுப்பெயர். 'இரணைமடு டாங்க்' எனப் பெயரோடு சேர்ந்தால் அதற்கும் பெரிய எழுத்தே. கிழமை, மாதப் பெயர்களுக்கும் இவ்விதியே.

'எங்கள் ஊர்' என்றால் நமக்கு விளங்கும், அலுவலகத்துக்கு விளங்காது. ஆகவே, காணி கேட்டு எழுதும்போது ஊரின் பெயரையும் நமது பெயரையும் எல்லாப் பத்திரங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவோம்.