தொட்டி பூமிக்குள்ளே போன கதை

நம்ம பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் உயரம் எவ்வளவு தெரியுமா? மைனஸ் 128 மீட்டர்! நான் சொல்லவில்லை, கம்ப்யூட்டர் சொன்னது.

அறிவியல் கண்காட்சிக்காக அக்காவின் லேப்டாப்பில் சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். அக்கா பாலிடெக்னிக் படிக்கிறாள். தொட்டிக்கு 20 மீட்டர் தள்ளி நின்று, பாகைமானியில் நூலும் கல்லும் கட்டி உச்சியைப் பார்த்தேன். கோணம் 30 டிகிரி. தூரத்தை டேன் 30-ஆல் பெருக்கினால் உயரம். நம்ம கணக்குப் புத்தக அட்டவணையில் டேன் 30 என்பது 0.5774. ஆக 11.55 மீட்டர் வரணும்.

சி-யில் சைன், காஸ், டேன் எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்த ஃபங்ஷன்கள். மேலே 'மேத் டாட் எச்' என்ற ஃபைலைச் சேர்த்துவிட்டுக் கூப்பிடலாம். (லினக்ஸ் என்றால் கம்பைல் பண்ணும்போது கடைசியில் 'மைனஸ் எல்எம்' போடணும். இல்லாட்டி டேன் யாரென்றே தெரியாது என்று திட்டும்.) அடைப்புக்குறிக்குள் 30 கொடுத்தேன். மைனஸ் 6.4053 வந்தது! 20-ஆல் பெருக்கிய விடையை வகுப்பில் காட்டினால், "போர்வெல் ஆழத்தை அளந்தியா?" என்று ஒரே சிரிப்பு. கண்காட்சிக்கு மூன்றே நாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கணக்கு மிஸ்தான், "அதுக்கு டிகிரி தெரியாதும்மா, ரேடியன்தான் தெரியும்" என்றார்கள்.

ரேடியன் என்றால் என்ன? ஒரு வளையலின் ஆரம் அளவுக்கு நூலை வெட்டி, அதை வளையலின் விளிம்பிலேயே ஒட்டுங்கள். நூலின் இரு முனைகளையும் மையத்தோடு சேர்த்தால் வரும் கோணம்தான் 1 ரேடியன். ஏறக்குறைய 57.3 டிகிரி. பெரிய வளையலோ சின்ன வளையலோ, கோணம் மாறாது. அரை வட்டத்துக்கு இப்படி பை தடவை நூல் வேணும், அதாவது 3.14159. அதனால் 180 டிகிரி என்பது பை ரேடியன். நான் கொடுத்த 30-ஐ ரேடியன் என்று எடுத்துக்கொண்ட கம்ப்யூட்டர், நாலு முழுச் சுற்று சுற்றி, மேலே 279 டிகிரி பக்கம் போய் நின்றிருக்கிறது. அங்கே டேன் மைனஸில்தான் வருமாம். பாவம், அதன் மேல் தப்பில்லை.

சரி, டிகிரியை 180-ஆல் வகுத்து பையால் பெருக்கினேன். இப்போது உயரம் 0.00! தொட்டியே காணோம். அன்று ராத்திரி அக்காதான் கண்டுபிடித்தாள். கோணத்தை 'இன்ட்' என்று எழுதியிருந்தேன். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி மொழி தசமத்தை வெட்டி எறிந்துவிடும். 30-ஐ 180-ஆல் வகுத்தால் அதற்குப் பூஜ்யம். 22-ஐ 7-ஆல் வகுத்தால்கூட வெறும் 3-தான். 180 என்பதை 180.0 என்று மாற்றினேன். அவ்வளவுதான், 11.55 வந்தது.

தரையிலிருந்து என் கண் வரை 1.40 மீட்டர். அதையும் கூட்டினால் 12.95. நம்பிக்கையில்லாமல் மறுநாள் கீழே நின்று தொட்டியின் ஏணிப்படிகளை எண்ணினேன். 43 படி. ஒவ்வொன்றுக்கும் இடையே என் ஸ்கேல் அளவு, 30 செ.மீ. நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி