தானியங்கி கியர் பெட்டி எண்ணெயை வீட்டில் மாற்றுதல்

தானியங்கி கியர் பெட்டி எண்ணெய் என்பது, கிளட்ச் மிதி இல்லாத வண்டிகளின் கியர் பெட்டிக்குள் சுற்றிவரும் தனி வகை எண்ணெய் ஆகும். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5, ஆடி க்யூ7, டொயோட்டா ஃபார்ச்சூனர் போன்ற விலை உயர்ந்த எஸ்யூவி வண்டிகளிலும் இதை வீட்டிலேயே மாற்ற முடியும். ஆனால் என்ஜின் ஆயில் மாற்றுவதற்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இங்கே எண்ணெயின் அளவை அதன் வெப்பநிலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால், நல்ல எண்ணெய் ஊற்றியும் கியர் பெட்டி கெட்டுப்போகலாம். அதைச் சரிசெய்ய இலட்சக்கணக்கில் செலவாகும்.

எண்ணெயின் பணிகள்

இந்த எண்ணெய் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, விசையைக் கடத்துவது. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றொன்றும் சுழலும். டார்க் கன்வெர்ட்டர் என்னும் பகுதி இவ்வாறே இயங்குகிறது. அங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். இரண்டாவது, அழுத்தம் தருவது. கியர் மாறும்போது உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தமே. மூன்றாவது, பற்சக்கரங்களுக்கு உராய்வு குறைத்து, வெப்பத்தை வெளியேற்றுவது.

எண்ணெய் குறைந்தால் அழுத்தம் குறைந்து, கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேயும். எண்ணெய் மிகுந்தால் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் காற்று இருப்பதால் அப்போதும் அழுத்தம் குறையும். ஆகவே குறைவு, மிகை இரண்டுமே ஒரே கேட்டில் முடிகின்றன.

எந்த எண்ணெய்?

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்னும் தானியங்கி கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. பின்னர் 1949-இல் அதற்கென ‘டைப் ஏ’ என்னும் எண்ணெய்த் தரத்தையும் வகுத்தது. இன்று ஒவ்வொரு கியர் பெட்டிக்கும் தனித்தனித் தரம் உள்ளது. 2016-இல் இந்தியாவுக்கு வந்த இரண்டாம் தலைமுறை ஃபார்ச்சூனரின் 6 வேகத் தானியங்கிக்கு டொயோட்டாவின் டபிள்யூ.எஸ். எண்ணெய் வேண்டும். எக்ஸ்5, க்யூ7 முதலிய வண்டிகளில் உள்ள, 2009-இல் அறிமுகமான இசட்.எஃப். 8 வேகப் பெட்டிக்கு லைஃப்கார்ட் 8 வகை எண்ணெய் வேண்டும்.

நிறத்தை வைத்து எண்ணெயைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சிவப்பு நிறம் கசிவை எளிதில் கண்டறியச் சேர்க்கப்படும் சாயம் மட்டுமே. சேஸி எண்ணைக் கொடுத்து உதிரிபாகக் கடையில் சரியான தரத்தைக் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பானது. சி.வி.டி., இரட்டைக் கிளட்ச் வகைப் பெட்டிகளுக்கான எண்ணெய்கள் வேறு. அவற்றை இதில் ஊற்றக் கூடாது.

‘ஆயுள் முழுவதும்’ என்பதன் பொருள்

சில வண்டி நிறுவனங்கள், கியர் பெட்டி எண்ணெய் வண்டியின் ஆயுள் முழுவதும் போதும் என்று கூறுகின்றன. ஆனால் கியர் பெட்டியைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது அதிகபட்சம் 8 ஆண்டுகளில், எண்ணெயை மாற்றப் பரிந்துரைக்கிறது. கடும் வெப்பத்திலும் பாரம் இழுத்தும் ஓடும் வண்டிகளுக்கு இன்னும் முன்னதாகவே மாற்ற வேண்டும். நின்று நின்று ஊரும் போக்குவரத்தில் ஓடும் மதுரை வண்டிகளுக்கு இந்த அறிவுரை நன்கு பொருந்தும்.

வெப்பநிலையும் அளவும்

இத்தகைய பெட்டிகள் பலவற்றில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. குறித்த வெப்பநிலையில், என்ஜின் ஓடும்போது, அளவுத் துளையிலிருந்து எண்ணெய் மெல்லிய இழையாக வழிந்தால் அளவு சரி. இசட்.எஃப். பெட்டிகளில் இந்த வெப்பநிலை பொதுவாக 30 முதல் 50 டிகிரி செல்சியசு. மற்ற வண்டிகளுக்கு அவற்றின் பணிமனைக் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்ற வேண்டும்.

காரணம் எளியது. 10 டிகிரி சூடேறினால் எண்ணெய் ஏறத்தாழ 0.7 சதவீதம் விரியும். 9 லிட்டர் எண்ணெய் 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 300 மி.லி. கூடுதல் இடம் பிடிக்கும். சூடான நிலையில் அளவு பார்த்தால் தேவையான எண்ணெயும் வழிந்துவிடும். ஆறியபின் பெட்டியில் குறைவாக இருக்கும்.

மதுரையில் ஏப்ரல், மே மாதப் பகல் வெப்பம் 40 டிகிரியை நெருங்குவது வழக்கம். நண்பகலில் தொடங்கினால், என்ஜினை இயக்கும் முன்பே 50 டிகிரி வரம்பின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எனவே இரவு முழுவதும் நின்ற வண்டியில், விடியற்காலையில் வேலையைத் தொடங்குவது நல்லது. எண்ணெயின் வெப்பநிலையைக் காட்டும் ஓ.பி.டி. ஸ்கேனர் கட்டாயம் வேண்டும்.

மாற்றும் முறை

1. வண்டி மட்டமாக நிற்க வேண்டும். குறுகிய, சரிவான தெருக்கள் இதற்கு ஏற்றவை அல்ல. சமமான கான்கிரீட் தளமோ, பணிமனைக் குழியோ வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் ஜாக்கி நிலைக்கு மாற்ற வேண்டும்.
2. இவ்வண்டிகள் ஏறத்தாழ 2 டன்னோ அதற்கு மேலோ எடை கொண்டவை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும்.
3. எண்ணெய் ஊற்றும் துளையின் போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும். எண்ணெயை வடித்த பிறகு அந்த போல்ட் கழலாவிட்டால் வண்டியை ஓட்ட முடியாது.
4. பிறகு வடிப்புத் துளையைத் திறந்து, வடிந்த எண்ணெயை அளந்து வைக்க வேண்டும். டார்க் கன்வெர்ட்டரில் தங்குவதால் முழு எண்ணெயும் வடியாது.
5. சம்பைக் கழற்றினால் உள்ளே காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறக் குழம்பு படிந்திருப்பது இயல்பு. உலோகத் துண்டுகள் இருந்தால் கியர் பெட்டி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.
6. பில்டரையும் பேக்கிங்கையும் புதிதாக மாற்ற வேண்டும். இசட்.எஃப். 8 வேகப் பெட்டிகள் பலவற்றில் பில்டர் பிளாஸ்டிக் சம்போடு ஒன்றாக இருப்பதால் சம்பையே மாற்ற வேண்டும். போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும்.
7. துளை வழியே வழியும்வரை எண்ணெய் ஊற்றி, என்ஜினை இயக்கி, மீண்டும் வழியும்வரை ஊற்றி மூட வேண்டும். பின்னர் ஒருவர் பிரேக்கை மிதித்தபடி ஆர், என், டி நிலைகளில் சில நொடிகள் வீதம் வைத்து, பி நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தூக்கிய சக்கரங்கள் சுழலக்கூடும் என்பதால், அப்போது அடியில் யாரும் இருக்கக் கூடாது.
8. ஸ்கேனரில் குறித்த வெப்பநிலை வரும்போது, என்ஜின் ஓடும் நிலையிலேயே துளையைத் திறந்து அளவைச் சரிபார்த்து மூட வேண்டும். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

கியர் ஏற்கெனவே வழுக்கினாலோ, எண்ணெயில் கருகிய வாடை வந்தாலோ, எண்ணெய் மாற்றுவது மட்டும் தீர்வாகாது. தேய்ந்த கிளட்ச் தட்டு புதிய எண்ணெயால் மீளாது.

பழைய எண்ணெய்

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. செல்லூர்க் கண்மாயின் உபரிநீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகையில் கலக்கிறது; அந்த வாய்க்காலைச் சேரும் எண்ணெயும் ஆற்றையே அடையும். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய எண்ணெயை மறுசுழற்சி செய்ய அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கே அது போய்ச் சேர வேண்டும். எனவே அதை மூடியுள்ள கேனில் நிரப்பி, அத்தகைய நிறுவனங்களுக்கு எண்ணெய் அனுப்பும் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும். மாற்றிய தேதி, கி.மீ., எண்ணெயின் தரம், ஊற்றிய அளவு ஆகியவற்றை வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைத்தால், அடுத்த முறை செய்பவருக்கு அதுவே வழிகாட்டியாக இருக்கும்.