கிடாரில் "ம்ம்ம்" இரைச்சலா? இரண்டு காயில்களைக் கவனியுங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள். அடுத்து, வீட்டில் யாராவது வாசித்தால் அதைப் பதிவு செய்யும் ஆசை வரும். எலக்ட்ரிக் கிடாரை இணைத்துப் பதிவு செய்து கேட்டால் இசையோடு "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சலும் வரலாம். உடனே கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பல நேரங்களில் குற்றவாளி கிடாருக்குள் இருக்கும் பிக்கப்தான்.

தஞ்சாவூர் கரந்தையில் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மச்சான் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பவர். பங்குனி, சித்திரையில் சுற்று வட்டார கிராமங்களில் நடக்கும் கோவில் திருவிழாக் கச்சேரிகள்தான் அவருக்கு வருமானம். மேடைக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர், சீரியல் செட், டியூப் லைட் எல்லாம் இருக்கும். பாட்டு நின்றாலும் இவர் கிடாரின் இரைச்சல் நிற்காது. "அடுத்த கச்சேரிக்கும் இப்படியே வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார்.

கிடாரில் இருந்த பிக்கப்பில் இரண்டு காயில்களில் ஒன்று அறுந்திருந்தது. மற்றதை மட்டும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அதே போல ஒரு காயில் அறுந்த இன்னொரு பிக்கப்பும் கையில் இருந்தது. "அத்தான், ரெண்டிலும் நல்லதை எடுத்து ஒண்ணாக்க முடியுமா?" என்று கேட்டார்.

பிக்கப் எப்படி வேலை செய்கிறது?

பிக்கப் என்பது காந்தமும், அதைச் சார்ந்து பல ஆயிரம் சுற்று சுற்றிய மெல்லிய தாமிரக் கம்பியும்தான். இந்தக் கம்பி ஏறக்குறைய 0.06 மி.மீ. தடிமன் கொண்டது. மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. காயிலில் சிறு மின்சாரம் பிறக்கிறது. அதுவே இசை.

ஆனால் அறையில் உள்ள டிரான்ஸ்பார்மர், மோட்டார், வயர்களைச் சுற்றியும் காந்தப்புலம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி வருவது. எனவே காயில் அதையும் பிடித்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாகத் தருகிறது. இதுதான் ஹம்.

1955-ல் கிப்சன் நிறுவனத்தில் செத் லவர் என்ற பொறியாளர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். ஒன்றுக்கு ஒன்று எதிர்த் திசையில் வேலை செய்யும்படி இரண்டு காயில்களை இணைத்தார். ஹம் முதல் காயிலில் +5 என்றால் இரண்டாவதில் -5. கூட்டினால் பூஜ்யம். அப்படியானால் இசையும் அழிந்துவிடுமே? அதற்காக இரண்டாவது காயிலுக்குக் காந்தத்தின் எதிர்த் துருவத்தைக் கொடுத்தார். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் அல்லவா? இசை இரண்டிலும் +3 ஆகி, மொத்தம் 6 கிடைக்கிறது. ஹம்மை அடக்குவதால் இதற்கு ஹம்பக்கர் என்று பெயர்.

நாங்கள் செய்த தவறு

இரண்டு நல்ல காயில்களையும் ஒரே காந்தத்தின் இரு பக்கமும் பொருத்தி, சால்டர் செய்து வாசித்தோம். சத்தம் மெலிந்து மூக்கால் பாடுவது போல இருந்தது. ஹம் முன்பைவிட அதிகமானது!

காரணம் எளிது. இரண்டு காயில்களும் வேறு வேறு இடத்தில் தயாரானவை. சுற்றிய திசை வேறாக இருந்திருக்கிறது. அதனால் ஹம் கூடிவிட்டது, இசை கழிந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க முள் உள்ள மல்டிமீட்டர் போதும். மிகக் குறைந்த டிசி அளவில் வைத்து, பிக்கப்பின் இரு வெளி வயர்களில் இணையுங்கள். ஸ்க்ரூ டிரைவர் நுனியை ஒரு காயிலின் மேல் வைத்துச் சட்டென்று எடுங்கள். முள் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பாருங்கள். மற்றக் காயிலிலும் இதையே செய்யுங்கள். இரண்டுக்கும் முள் ஒரே பக்கம் ஆட வேண்டும். எதிர்ப் பக்கம் ஆடினால் ஒரு காயிலின் இரண்டு வயர்களை மட்டும் இடம் மாற்றுங்கள். நாங்கள் அப்படி மாற்றியவுடன் இசையும் சரியானது, ஹம்மும் அடங்கியது.

ஆனாலும் ஹம் முழுவதும் போகவில்லை. இரண்டு காயில்களின் சுற்று எண்ணிக்கை சமமாக இல்லாததே காரணம். ஒன்று 100 அளவு ஹம் பிடித்து, மற்றது 88 பிடித்தால் 12 மிச்சம் நிற்கும். சுற்றுகளை மல்டிமீட்டரில் காட்டும் ஓம் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கம்பி மெல்லியதானால் சுற்று குறைவாக இருந்தாலும் ஓம் அதிகம் காட்டும்.

காந்தத்தை மாற்றினால்?

அல்நிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த காந்தம். இதில் 2-ம் எண் மென்மையான ஒலி தரும். 5-ம் எண் வலுவானது. செராமிக் காந்தம் பொதுவாக இன்னும் பலமாக, கூர்மையாக ஒலிக்கும். காந்தத்தைத் திருப்பி வைத்துவிட்டாலும் ஹம் கூடாது. இரண்டு காயில்களுக்கும் சேர்ந்தே துருவம் மாறுகிறது. ஆனால் கிடாரில் இன்னொரு பிக்கப் இருந்து, இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒலி மெலியும். எனவே கழற்றும் முன் காந்தத்தின் ஒரு பக்கத்தில் பேனாவால் குறி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் சோதிப்பது எப்படி?

கிடாரை மைக் துளையில் நேரடியாகச் செருகுவதைவிட, இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் மூலம் இணைப்பது நல்லது. ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில், தந்தியைத் தொடாமல் பத்து நொடி பதிவு செய்யுங்கள். அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கிளிக் செய்து, சைஸ் என்ற இடத்தில் 16384 தேர்ந்தெடுங்கள். 50, 100, 150 ஹெர்ட்ஸ் இடங்களில் கூர்மையான மேடுகள் தெரிந்தால் அது மின்சார இரைச்சல்.

கிடாரோடு நீங்கள் திரும்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால், காயில் பிடிக்கும் ஹம். தந்தியைத் தொட்டதும் நின்றால், எர்த் அல்லது ஷீல்டிங் குறை. லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் நின்றால், சார்ஜர் வழியே வருவது. பிக்கப்பைப் பிரிக்கும் முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

இதைப் பார்த்த பக்கத்து வீட்டு வீணை டீச்சர், "என் வீணைக்கும் ஒன்று வைத்துக் கொடுங்களேன்" என்றார். தஞ்சாவூர் வீணையில் வாசிக்கும் தந்திகள் நான்கு. சாரணி, பஞ்சமம் எஃகு. மந்தரம், அனுமந்தரம் மரபுப்படி பித்தளை. பித்தளையைக் காந்தப் பிக்கப் உணராது. பாதி வீணைதான் கேட்கும். அவருக்கு மரத்தின் அதிர்வைப் பிடிக்கும் கான்டாக்ட் பிக்கப்பைச் சொல்லி அனுப்பினேன்.

மச்சான் அடுத்த கச்சேரிக்குப் போய் வந்தார். குழுத் தலைவர் கிடாரைப் பற்றி ஒன்றும் பேசவில்லையாம். அடுத்த கச்சேரித் தேதியை மட்டும் சொன்னாராம்.