பொறுத்தார் மாரத்தான் ஓடுவார்! 180 கி.மீ. சைக்கிள் பயணத்தில் 'வாட்' கணக்கு சொல்லும் பாடம்

2024 அக்டோபர் 26. ஹவாய் தீவில் இருக்கும் கைலுவா-கோனா நகரம். அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. 3.8 கி.மீ. கடலில் நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அது முடிந்ததும் 42.2 கி.மீ. ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக!

சைக்கிளை முதல் ஆளாக முடித்து இறங்கினார் பிரான்ஸுக்காக ஆடும் சாம் லெய்ட்லோ. வயது 25. முந்தைய ஆண்டின் உலக சாம்பியன். 180 கி.மீ. தூரத்தை அவர் கடந்த நேரம் 3 மணி 57 நிமிடம் 22 விநாடி. அதாவது, மணிக்குச் சுமார் 45 கி.மீ. வேகம். கோனாவின் சைக்கிள் சாதனையே அதுதான்.

ஆனால், ஓட ஆரம்பித்த பிறகு கதை மாறியது. வேகம் குறைந்தது. நடந்தார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் அவருக்குக் கிடைத்தது 18-வது இடம். ஜெயித்தவர் 38 வயது ஜெர்மனி வீரர் பேட்ரிக் லாங்கே. 7 மணி 35 நிமிடம் 53 விநாடியில் முடித்து, மூன்றாவது முறையாகப் பட்டம் வென்றார்.

ஆமை - முயல் கதை ஞாபகத்துக்கு வருகிறதா? ஒரு வித்தியாசம் உண்டு. இந்த முயல் தூங்கவே இல்லை!

லெய்ட்லோவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2022-ல் இதே கோனாவில் இதே மாதிரி முன்னால் பாய்ந்துதான் இரண்டாம் இடம் பிடித்தார். 2023-ல் உலக சாம்பியன் ஆனதும் அப்படித்தான். பட்டத்துக்காக ரிஸ்க் எடுப்பது அவரது தொழில். ஆனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டிப் பழகும் நமக்கு அந்த ரிஸ்க் தேவையா?

மின்விசிறியா, மிக்ஸியா?

ட்ரையத்லான் பயிற்சி செய்கிறவர்கள் பேசும்போது, 'இன்னிக்கு எத்தனை கிலோமீட்டர்' என்பதைவிட 'எத்தனை வாட்' என்ற கேள்விதான் அதிகம் காதில் விழும். வாட் என்றால் வேறு ஒன்றுமில்லை. நம் வீட்டு மின்விசிறியிலும் மிக்ஸியிலும் எழுதியிருக்கிறதே, அதே வாட்தான்.

சாதாரணமாகக் கடைக்கு சைக்கிளில் போகும்போது நம் கால்கள் தரும் சக்தியில் ஒரு மின்விசிறியை ஓட்டலாம். அதாவது 75 வாட் அளவு. நன்றாகப் பயிற்சி செய்தவர் 150 முதல் 200 வாட் வரை பல மணி நேரம் தருவார். உலகத் தர வீரர்களோ 300 வாட்டை ஒட்டி நான்கு மணி நேரம் மிதிக்கிறார்கள். சின்ன மிக்ஸியையே காலால் ஓட்டுவது மாதிரி!

இதை அளக்கும் கருவிதான் பவர் மீட்டர். மிதிக்கும்போது பெடலோ, அதைத் தாங்கும் இரும்புக் கையோ கண்ணுக்குத் தெரியாத அளவில் வளையும். அந்த வளைவை உணர்ந்து வாட் கணக்கில் காட்டிவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர் உல்ரிச் ஷோபரர் 1986-ல் இதை சைக்கிளுக்குக் கொண்டுவந்தார்.

வேகத்தைப் பார்த்து ஓட்டினால் போதாதா? போதாது. காற்று பின்னாலிருந்து தள்ளினால் சும்மா மிதித்தாலும் 30 கி.மீ. வேகம் வரும். எதிர்க்காற்றில் உயிரைக் கொடுத்தாலும் 18-ஐத் தாண்டாது. இதயத்துடிப்போ மெதுவாகத்தான் ஏறும். நீங்கள் அதிகமாக மிதித்துவிட்டீர்கள் என்று அது சொல்வதற்குள் சில நிமிடங்கள் ஓடியிருக்கும். வாட் மட்டும்தான் அந்த நொடியிலேயே உண்மையைச் சொல்லும்.

உங்கள் எண் எது?

முதலில் உங்கள் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 20 நிமிடம் முடிந்த அளவு பலமாக மிதியுங்கள். அந்தச் சராசரியில் 95 சதவிகிதத்தை எடுத்தால், சுமார் ஒரு மணி நேரம் உங்களால் தாங்க முடிந்த வாட் கிடைக்கும். இதை எஃப்.டி.பி என்கிறார்கள். 20 நிமிடச் சராசரி 200 என்றால் எஃப்.டி.பி 190.

180 கி.மீ. ஓட்டிவிட்டு மாரத்தானும் ஓட வேண்டுமென்றால் அதில் 65 முதல் 75 சதவிகிதம்தான் செலவு செய்யலாம் என்பது பொதுவான கணக்கு. 190-க்கு அது சுமார் 125 முதல் 140 வாட். முதல் ஒரு மணி நேரம் இந்த எண் சிரிப்பாக இருக்கும். 'இவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் மிதிக்கலாமே' என்று கால் கெஞ்சும். அந்தக் கெஞ்சலுக்கு 'முடியாது' என்று சொல்லப் பழகுவதுதான் நீண்ட தூரப் பயிற்சியின் பாதி வேலை.

சராசரி ஏமாற்றும்

அரை மணி நேரம் 200 வாட், அடுத்த அரை மணி நேரம் 100 வாட். சராசரி 150 தானே? ஆனால் உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. பலமாக மிதித்த நேரத்துக்கு அது பல மடங்கு 'வட்டி' கேட்கும். அந்த வட்டியையும் சேர்த்துக் கணக்கிடும் 'நார்மலைஸ்டு பவர்' முறையில் இது கிட்டத்தட்ட 170 வாட். ஒரே சீராக 150-ல் ஓட்டியவர் உங்கள் கூடவே வந்திருப்பார். அவர் காலில் மிச்சம் இருக்கும், உங்கள் காலில் இருக்காது.

இன்னொரு விஷயம், காற்றின் தடை. வேகத்தை 10 சதவிகிதம் கூட்ட, காற்றைக் கிழிக்க மட்டுமே 33 சதவிகிதம் அதிக சக்தி வேண்டும். அதனால்தான் இறக்கத்தில் மேலும் மிதிப்பது வீண். மேட்டிலும் எதிர்க்காற்றிலும் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்து, இறக்கத்தில் கால்களுக்கு ஓய்வு கொடுப்பதே சிக்கனம்.

வயிற்றுக்கும் கணக்கு உண்டு

135 வாட்டில் 6 மணி 40 நிமிடம் ஓட்டினால் உடம்பு சுமார் 3,200 கலோரி எரிக்கும். நம் தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்தோ சுமார் 2,000 கலோரிதான். மீதியைக் கொழுப்பும், வழியில் சாப்பிடுவதும்தான் ஈடுகட்ட வேண்டும். மெதுவாக ஓட்டினால் கொழுப்பு நிறைய எரியும். வேகம் கூடக் கூட மாவுச்சத்துதான் காலியாகும். வயிறும் மக்கர் பண்ணும்.

மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து என்பது நீண்ட தூர வீரர்களின் அளவு. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பழம், கூடவே சர்க்கரையும் உப்பும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட சரியாக வரும். பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம்.

ஈ.சி.ஆர் எனக்குச் சொன்ன பாடம்

இந்தக் கட்டுரைக்காகப் படிப்பதற்கு முன்பே நான் இதை அனுபவித்திருக்கிறேன். ஒரு ஜனவரி காலை, நண்பரிடம் கடன் வாங்கிய சைக்கிளில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போனேன். சுமார் 45 கி.மீ. 1 மணி 35 நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். நானே அசந்துபோனேன். செல்ஃபி எல்லாம் எடுத்தேன்.

திரும்பும்போதுதான் தெரிந்தது, போகும்போது பாதி ஓட்டியது நான் இல்லை, வடகிழக்குக் காற்று! அதே காற்று இப்போது முகத்தில் அறைந்தது. கோவளம் வருவதற்குள் கால் மரத்துப்போய், ஒரு இளநீர்க் கடை ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போன் போட்டு வண்டி அனுப்பச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. திரும்ப 2 மணி 30 நிமிடம் ஆனது.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனேன். என்னிடம் பவர் மீட்டர் இல்லை. ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்குத்தான் மிதிக்க வேண்டும். பால் கேன் கட்டிய சைக்கிளில் ஒரு பெரியவர் என்னைத் தாண்டிப் போனார். ரோஷமாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன். போக 1 மணி 50 நிமிடம், வர 2 மணி 5 நிமிடம். மொத்தத்தில் 10 நிமிடம் மிச்சம். முக்கியமாக, வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினேன்!

நீங்களும் பழகலாம்

* நான்கு மணி நேரப் பயிற்சி என்றால் முதல் 45 நிமிடம் உங்கள் இலக்கு வாட்டுக்கும் கீழேயே ஓட்டுங்கள்.

* கடைசி மணி நேரத்திலும் அதே வாட் வருகிறதா என்று பாருங்கள். விழுந்தால், ஆரம்பத்தில் அதிகம் மிதித்திருக்கிறீர்கள்.

* வாட் மாறாமல் இதயத்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால் வெயில், தண்ணீர்க் குறைவு அல்லது அதிக வேகம் காரணமாக இருக்கலாம். குறைத்துக்கொள்ளுங்கள்.

* சைக்கிளை விட்டு இறங்கியதும் 15 நிமிடம் ஓடுங்கள். சைக்கிளை சரியாக ஓட்டினீர்களா என்பதற்கு மார்க் போடுவது அந்த ஓட்டம்தான்.

* சர்க்கரை நோய், இதயப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

சைக்கிளில் முதல் ஆளாக இறங்குவதற்கு மெடல் கிடையாது. கோனாவில் மட்டுமில்லை, ஈ.சி.ஆரிலும்தான். அடுத்த ஞாயிறு கிளம்பும்போது, உங்களைத் தாண்டிப் போகிறவர்களுக்குச் சிரித்துக்கொண்டே வழிவிட்டுப் பாருங்கள். திரும்பி வரும் வழியில் அவர்களைப் பார்க்க வாய்ப்பிருக்கிறது!