கை ஆட்டம் நிற்கும்போது மனம் ஏன் சோர்கிறது?

டம்ளரில் காபி தளும்புகிறது, விரல்கள் தாமாகத் துள்ளுகின்றன. ஹன்டிங்டன் நோய் என்றால் கண்ணில் படுவது இதுதான். பலருக்கு இந்த ஆட்டத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே மனச்சோர்வு வந்துவிடுகிறது. 1872-இல் நோயை விவரித்த அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஹன்டிங்டனே தற்கொலை நாட்டத்தையும் சேர்த்துத்தான் எழுதினார்.

ஏன்? 4-ஆம் குரோமோசோமில் ஒரு மரபணு. அதில் ‘சிஏஜி’ என்ற மூன்றெழுத்து 40 முறையோ அதற்கு மேலோ அடுத்தடுத்து வந்தால் புரதம் கோணலாகி, மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டத்தை அரிக்கிறது. அசைவோடு ஆர்வத்தையும் உணர்ச்சியையும் நடத்தும் சுற்றுகள் அந்த வழியாகத்தான் ஓடுகின்றன. “இப்படியொரு நோய் வந்தால் வருத்தம் இருக்காதா?” என்று தள்ளிவிடுவது தப்பு.

மருந்தில்தான் பெரிய சிக்கல். ஆட்டத்தை அடக்கும் டெட்ராபெனசின், நரம்பு முனைகளில் டோபமைன் சேரவிடாது. கூடவே செரடோனினையும் குறைத்துவிடும். ஆட்டம் தணியும், மனம் இன்னும் இருளும். அதற்கென்று மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்ஸடின் கொடுத்தால், டெட்ராபெனசினைச் சிதைக்க உதவும் கல்லீரல் நொதியை அது தடுக்கிறது. டெட்ராபெனசின் உடம்பிலேயே தேங்கும். அதனால் அதன் அளவைக் குறைப்பார்கள், இல்லையேல் அந்த நொதியை அதிகம் சீண்டாத செர்ட்ராலினுக்கு மாறுவார்கள். தூக்கமும் எடையும் குறைந்தவருக்கு மிர்டாசபின் இரட்டை லாபம்.

வீட்டார் ‘சோம்பேறித்தனம்’ என்று திட்டுவது பெரும்பாலும் ஆர்வமிழப்பு. மனச்சோர்வு மாத்திரை அதற்குப் பெரிதாக உதவாது. “குளிக்கிறீங்களா?” என்றால் “வேணாம்” என்பார். துண்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள், எழுந்து போய்விடுவார்.