மலைக்குள் நுழைந்த கடல்!

கடல் எங்கே இருக்கும்? ஊருக்கு வெளியே, மணலுக்கு அப்பால் இருக்கும். நார்வே நாட்டில் அப்படி இல்லை. அங்கே கடல் மலைகளுக்கு நடுவே புகுந்து, வெகுதூரம் உள்ளே போயிருக்கிறது. இந்த நீர்வழிக்கு "பியோர்டு" என்று பெயர்.

முன் ஒரு காலத்தில் அந்த நாடு பனிக்கட்டியால் மூடிக் கிடந்தது. பனிக்கட்டி மெல்ல மெல்ல நகர்ந்தது. நகர்ந்தபோது பாறையை அரைத்துப் பெரும் பள்ளங்களை உண்டாக்கியது. பனி உருகியதும் பள்ளத்தில் கடல் புகுந்தது!

இவற்றில் மிகப் பெரியது சோங்னே பியோர்டு. நீளம் 200 கிலோ மீட்டருக்கு மேல். ஆழம் 1,300 மீட்டர்!

கோடைக்காலத்தில் பெர்கன் துறைமுகத்தில் படகு ஏறினால், சுமார் ஐந்தரை மணி நேரத்தில் பிளோம் என்ற சிற்றூரை அடையலாம். அங்கிருந்து வேறு படகில் நேரோய் பியோர்டுக்குப் போகலாம். ஓர் இடத்தில் அதன் அகலம் 250 மீட்டர்தான். இரு பக்கமும் செங்குத்து மலை. 2018 முதல் அங்கே மின்சாரப் படகு ஓடுகிறது. இரைச்சல் இல்லை. அருவி விழும் ஓசை நன்றாகக் கேட்கும்.

மர வீடுகள்

திரும்பி வந்தால் பெர்கன். குடையை மறக்கக் கூடாது. ஆண்டில் 200 நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது!

துறைமுகத்தின் ஓரமாக, தோளோடு தோள் உரசி நிற்கின்றன பழைய மர வீடுகள். இந்த இடத்துக்கு "பிரிகன்" என்று பெயர். 1360-ம் ஆண்டு வாக்கில் ஜெர்மன் வணிகர்கள் இங்கே கிடங்கு அமைத்தார்கள். வடக்கே இருந்து மீன் வரும். நம் ஊர் கருவாடு மாதிரிதான். ஆனால் உப்புப் போடுவது இல்லை. குளிர்காற்றிலேயே காய வைப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு தானியம் கொடுத்தார்கள்.

அந்த வணிகர்கள் கல்யாணம் செய்யக் கூடாது என்பது சட்டம். வீட்டில் அடுப்பு மூட்டவும் கூடாது! எல்லாம் மரம் அல்லவா? சமையலுக்கும் குளிர் காயவும் பின்னால் தனிக் கூடம் இருந்தது. குளிர்காலத்தில் சிறு பையன்கள் பட்ட பாட்டை நினைத்தால் நடுக்கம் வருகிறது.

இவ்வளவு காவல் இருந்தும் நெருப்பு விடவில்லை. 1702-ல் பிரிகன் முழுவதும் எரிந்தது. பழைய முறைப்படியே மறுபடியும் கட்டினார்கள். 1944-ல் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தது. கூரைகள் பிய்ந்தன. 1955-ல் மீண்டும் தீ! ஒரு பகுதி சாம்பலானது. "இடித்துத் தள்ளுங்கள்" என்று சொன்னவர்களும் உண்டு. நல்ல வேளை, இடிக்கவில்லை. 1979-ல் இது உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. இன்று 62 கட்டிடங்கள் நிற்கின்றன.

குச்சியில் கடிதம்

1955-ல் எரிந்த இடத்தைத் தோண்டினார்கள். மண்ணுக்குள் என்ன இருந்தது தெரியுமா? எழுத்துக் கீறிய குச்சிகள்! 600-க்கும் மேல் கிடைத்தன. பல நூறு ஆண்டுகளுக்கு முன் சாதாரண மக்கள் எழுதியவை. சரக்குக்குப் பெயர்ச்சீட்டு, கடன் விஷயம், காதல், எல்லாம் உண்டு.

ஒரு குச்சியில் ஒரு பெண்ணின் பெயர். கிட்டத்தட்ட நம் "கீதா" போலவே ஒலிக்கிறது. வீடு திரும்பச் சொல்கிறாள் அவள். யாருக்குச் சொன்னாள்? கணவனுக்கா? குச்சியின் மறுபக்கத்திலும் ஏதோ கீறியிருக்கிறது. அதற்குப் பொருள் புரியவில்லை.